ஐந்தாவது குழியில் ஒழுங்காகத் தோற்பது

குற்றாலத்தில் நான் கோல்ஃப் ஆடியிருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் என் சேலையைப் பார்ப்பார்கள். இதே சேலைக்கட்டில்தான் ஆடினேன். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பை ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு ஆடினேன். இதுவரைக்கும் எப்படியோ நம்பிவிடுகிறார்கள். ஆனால் ஜெயிப்பதற்காக இல்லை, ஒழுங்காகத் தோற்பதற்காகத்தான் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை.

அது ஐம்பதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். ஆய்க்குடிக்காரரான என் வீட்டுக்காரர், வாய்க்கால் மதகு அணைக்கட்டு இதையெல்லாம் கவனிக்கிற சர்க்கார் இலாகாவில் ஓவர்சியர். தென்காசியில் வாடகை வீட்டில் இருந்தோம். அந்த வருஷம் ஜூன் மாதம்தான் எனக்கு அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. நான்காம் வகுப்பு, நாற்பத்திரண்டு பிள்ளைகள். நான் பிறந்த ஊரான வடகரையில், எங்கள் குடும்பத்தில் சம்பளத்துக்கு வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். காலையில் குடையும் கையுமாகத் தெருவில் இறங்கும்போது எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அதனால் அந்த வருஷம் எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். இவருக்கு இடமாற்றம் வரக்கூடாது. வந்தால் என் வேலை போச்சு.

இடமாற்றப் பட்டியல் ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் கடைசியில் போகும். எழுதுகிறவர் பெரிய இன்ஜினீயர். நல்ல மனிதர், சிரித்த முகம், வேலையில் கெட்டிக்காரர். சீமைக்குப் படிக்கப் போன இடத்தில் கோல்ஃபும் படித்துக்கொண்டு வந்துவிட்டார். குற்றாலத்தில் மலையடியிலிருந்து சிற்றாறு வரைக்கும் சரிவாக இறங்குகிற ஒரு பழைய பங்களாவின் பின்புறம், எப்போதோ வெள்ளைக்காரர்கள் ஆடிவிட்டுப் போன ஐந்து குழிகள் புல் மண்டிக் கிடந்தன. அதைத் தன் சொந்தச் செலவில் சுத்தம் செய்து, ஒவ்வொரு குழியிலும் பால் பவுடர் டப்பாவைப் புதைத்து, சீசன் மூன்று மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆடுவார். துணைக்கு ஆள் வேண்டுமே. அலுவலகத்தில் இருக்கிறவர்கள்தான் துணை.

அதிகாரியோடு ஆடினால் தோற்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். சீட்டாட்டமானாலும் சரி, கோல்ஃபானாலும் சரி. ரொம்ப மோசமாகத் தோற்றாலும் அவருக்குச் சுவாரசியம் போய்விடும். குறைவான தடவை அடித்துப் பந்தைக் குழியில் போடுகிறவருக்குத்தான் ஜெயம், ஆகவே அவரைவிட ஒரு அடி, இரண்டு அடி கூடுதலாக அடித்துத் தோற்க வேண்டும். தோற்ற பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க அடிச்ச அடி அப்படி சார்" என்று சொல்ல வேண்டும். முதல் நாலு குழியில் இது ஒன்றும் கஷ்டமில்லை. பந்தைக் கொஞ்சம் பலமாகத் தட்டினால் போதும், அது ஆற்றைப் பார்த்து ஓடிவிடும்.

ஐந்தாவது குழியில்தான் வம்பு. குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கிற வட்டத்துக்குக் கிரீன் என்று பெயர். அந்தக் கிரீன் மட்டும் மலைப்பக்கம் சாய்ந்திருப்பது போலத் தெரியும். இடது கைப்பக்கம் மலை, வலது கைப்பக்கம் ஆறு. இன்ஜினீயர் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்து, "இது மலைப்பக்கம் இறங்குது. வலது பக்கம் தள்ளி அடிங்க, வளைஞ்சு குழிக்கு வரும்" என்பார். எல்லோரும் "ஆமா சார்" என்பார்கள். அவர் அப்படித்தான் அடிப்பார். பந்து ஒரு நாளும் வளைந்து வராது, ஆற்றுப்பக்கம் இன்னும் விலகிப் போகும். புளியறைப் பக்கமிருந்து காற்று அடிக்கிறது என்பார், சாரலில் புல் கனத்துப் போச்சு என்பார். அவர் நாலு தடவை உருட்டினால், கூட ஆடுகிறவர் ஐந்து தடவை உருட்டுவார்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரருடைய முறை வந்தது. கடைசிக் குழி வரைக்கும் மரியாதையாகத் தோற்றுக்கொண்டு வந்தவர், ஐந்தாவது குழியில் இன்ஜினீயர் வலது பக்கம் காட்டியதும், அதற்கு நேர் எதிராக இடது பக்கம் தள்ளி அடித்திருக்கிறார், கண்டிப்பாகத் தப்பிப் போகட்டும் என்று. பந்து நிதானமாக வலது பக்கம் வளைந்து, டப்பாவுக்குள் டங்கென்று விழுந்துவிட்டது. பதினைந்து அடி தூரம்! கூட வந்த பியூன் பதறிப்போய்க் கொடிக்கம்பைக் கீழே போட்டுவிட்டாராம்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, பந்து உள்ள போயிட்டுட்டி!"

"நல்லதுதான, அதுக்கு ஏன் இப்படி முழிக்கிய?"

"என்ன நல்லது? அவரு மூணு வருசமா அங்கன ஒரு தடவகூட ஒழுங்காப் போட்டதில்ல. ஒரு வார்த்த பேசல. ஜீப்புல ஏறிப் போயிட்டாரு. அடுத்த வாரமும் நாந்தான் வரணும்னு பியூன்ட்ட சொல்லி விட்டிருக்காரு."

பட்டியல் என் கண் முன்னால் வந்து நின்றது. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் வந்து நின்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்று சொன்னேன். இன்ஜினீயர் மனைவி பங்களா வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருப்பார், பேச்சுத் துணைக்கு என்று பெயர்.

அவர் சென்னைக்காரர், கலகலப்பானவர். போனதுமே ஒரு தட்டு நிறைய மங்குஸ்தான் வைத்துச் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவச் செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றே ஐந்தாவது கிரீன் பக்கம் போனேன். ஓரத்தில் நின்று கையில் விட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன். ஒட்ட வெட்டிய புல்லில் அது ஒரு நிமிஷம் தயங்கி நின்றது. அப்புறம் ஆற்றுப்பக்கம் போனது. மலைப்பக்கம் ஒரு சொட்டுப் போகவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வடகரையில் எங்கள் வயலுக்கு வருகிற வாய்க்கால் ஒன்று மேட்டில் ஏறிப் போகிற மாதிரியே தெரியும். புதிதாக வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். ஏறவெல்லாம் இல்லை. சுற்றி இருக்கிற நிலம் வேகமாக இறங்குகிறது, வாய்க்கால் மட்டும் மெதுவாக இறங்குகிறது. வேகமான இறக்கத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மெதுவான இறக்கம் ஏற்றமாகத் தெரியும். இந்தக் கிரீனும் அதே கதைதான். வாய்க்கால் வெட்டியே தலை நரைத்த மனிதருக்குத் தன் காலடியில் இருந்த சரிவு தெரியவில்லை. அதைவிட வேடிக்கை, கூட இருந்த அத்தனை பேரும் வாய்க்கால்காரர்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பஸ்ஸிலேயே ஆச்சரியத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"அப்பம் நாளைக்கே சொல்லிருதேன். சந்தோசப்படுவாரு."

"சும்மா இருங்க. மூணு வருசமாத் தப்பாப் பாத்தியன்னு அவருட்ட போயிச் சொல்லப் போறியளா? சரிவு தெரிஞ்சாத்தான் ஒழுங்காத் தோக்க முடியும். தெரிஞ்சுக்கிட்டுத் தோத்துட்டு வாங்க."

அப்படிச் சொன்னது நான்தான். அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தம் இல்லை.

அன்று முதல் எங்கள் வீட்டு அங்கணம் பள்ளிக்கூடமாகிவிட்டது. பாத்திரம் தேய்க்கிற அந்தச் சிமெண்டுத் தரை தண்ணீர் போகிற ஓட்டையைப் பார்த்துச் சரிந்திருக்கும். அதில் எலுமிச்சம்பழத்தை வைத்து, பழைய குடைக்கம்பால் உருட்டிப் பழகினோம். பெண்களுக்குச் சரிவைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை, தினமும் கழுவித் தள்ளுகிறோம். சீக்கிரமே எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. பந்து குழிக்குக் கீழே கிடந்தால் மேல்நோக்கித் தட்டலாம், பயமில்லை, தப்பினாலும் பக்கத்திலேயே நிற்கும். குழிக்கு மேலே கிடந்தால் தொட்டாலே ஓடிவிடும். ஆகவே ஜெயிக்க நினைக்கிறவன், தூரத்திலிருந்து அடிக்கிறபோதே பந்தைக் கீழ்ப்பக்கம் கொண்டு நிறுத்த வேண்டும். தோற்க நினைக்கிறவன் மேல்பக்கம் நிறுத்தினால் போதும், மிச்சத்தைச் சரிவு பார்த்துக்கொள்ளும். பாவம் இன்ஜினீயர், பள்ளமென்று நினைத்து ஒவ்வொரு தடவையும் மலைப்பக்கம் கொண்டு நிறுத்தினார். ஏற்றமென்று நினைத்துப் பலமாக அடித்தார். பந்து குழியைத் தாண்டி, கிரீனுக்குக் கீழே ஆற்றுக்குப் போகிற ஓடையில் போய் விழுந்தது.

என் வீட்டுக்காரர் இப்போது அழகாகத் தோற்றார். குழியின் உதட்டில் பந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். பார்க்கிறவர்கள் 'ச்சே' என்பார்கள். இன்ஜினீயர் பரம சந்தோஷத்தில் தோளில் தட்டுவார். ஆகஸ்ட் வந்ததும் இன்ஜினீயர் மனைவி தானும் ஆடுவேன் என்று கிளம்பி, என்னையும் இழுத்தார். ஜோடி ஆட்டம். ஒரு ஜோடிக்கு ஒரு பந்து, புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறி அடிக்க வேண்டும். இன்ஜினீயர் எனக்கு 'மிஸஸ் ஓவர்சியர்' என்று பெயர் வைத்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒரே ஒரு அடியில் தோற்றோம். இவ்வளவு நேர்த்தியாகத் தோற்கிற ஜோடி இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று எனக்கே ஒரு பெருமை வந்துவிட்டது.

இரண்டாவது தோல்வி முடிந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இன்ஜினீயர் சொன்னார்.

"ஒரு நல்ல செய்தி. எனக்கு வடக்கே பெரிய அணைக்கட்டு வேலைக்கு மாற்றல் வந்திருக்கு. எனக்கு வேண்டிய ஒருத்தரைக் கூட அழைச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஓவர்சியர், உங்க பேரைத்தான் எழுதப் போறேன். உங்களை மாதிரி ஒரு துணை எனக்கு எங்கே கிடைக்கும்?"

என் கையில் இருந்த கேசரி அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் வழக்கப்படி "ரொம்ப சந்தோசம் சார்" என்றார். இன்ஜினீயர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாம பிரிய வேண்டாம்" என்றார். தோற்றுத் தோற்று அந்த மனிதர் மனதில் இடம் பிடித்துவிட்டோம், அதுவே எங்களைத் தென்காசியிலிருந்து பிடுங்கப் போகிறது. பஸ்ஸில் வரும்போது அழுதேன். கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"பட்டியல் எப்பம் போகுது?"

"அடுத்த திங்கக்கெழம."

"அப்பம் ஞாயித்துக்கெழம ஜெயிச்சிருவோம்."

அவர் என்னை ஏதோ கொலை செய்யச் சொன்னது போலப் பார்த்தார். ஆனாலும் சரி என்றார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நல்ல சாரல், வெயிலும் கூடவே அடித்தது. நாலு குழி முடிந்தபோது இரண்டு ஜோடியும் சமம். என் வீட்டுக்காரர் ஜெயிக்கத்தான் பார்த்தார், கைதான் கேட்கவில்லை. நல்ல அடி விழுந்துவிட்டால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இன்ஜினீயரைப் பார்ப்பார்.

ஐந்தாவது குழி. இன்ஜினீயர் முதல் அடி அடித்தார். அவர் மனைவி இரண்டாவது அடியில், அவர் காட்டிய மலைப்பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இன்ஜினீயர் ஏற்றமென்று பலமாக உருட்ட, பந்து குழியைத் தாண்டி ஓடைக்கரை வரைக்கும் போனது. மனைவி திருப்பி அடித்தார். இன்ஜினீயர் ஐந்தாவது அடியில் முடித்தார். "இந்தக் காற்று!" என்றார்.

எங்கள் பந்தை என் வீட்டுக்காரர் முதலில் அடித்தார். இரண்டாவது அடி என்னுடையது. கொடிக்கம்பைப் பார்க்கவே இல்லை. கம்புக்கு வலது பக்கம், ஆற்றுப் பக்கம், கிரீனின் விளிம்பை மட்டும் பார்த்தேன். குட்டையாகத் தட்டினேன். பந்து விழுந்து, இரண்டு குதி குதித்து, குழிக்குக் கீழே நாலடி தூரத்தில் நின்றது. மேல்நோக்கி நேராக ஒரு தட்டு. எங்கள் அங்கணத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியது.

என் வீட்டுக்காரர் மட்டையைப் பிடித்தார். இன்ஜினீயர் "போடுங்க ஓவர்சியர்" என்றார், உண்மையான ஆசையோடு. அவ்வளவுதான், இவருடைய கை பழைய மரியாதைக்குப் போய்விட்டது. பந்து குழியின் உதட்டை உரசித் திரும்பி, மேல்பக்கம், நாங்கள் அடித்துவந்த பக்கமாகக் கோணலாக மூன்றடியில் நின்றது. இப்போது இறக்கம். நான் போட்டால் ஜெயம், தப்பினால் சமம், இன்னும் தப்பினால் வடக்கு.

நான் மட்டையை வாங்கினேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினேன். இன்ஜினீயர் பெருந்தன்மையாக அருகில் வந்தார்.

"மிஸஸ் ஓவர்சியர், இது மலைப்பக்கம் இறங்குது. வலது பக்கம் தள்ளி, கொஞ்சம் பலமாத் தட்டுங்க."

'ஆமா சார்' என்று என் வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன். இடது பக்கம் இரண்டு விரற்கடை தள்ளி, தூங்குகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி பந்தைத் தட்டினேன். அது நகர்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அப்புறம் வேகம் பிடித்து, வலது பக்கம் வளைந்து, டப்பாவில் விழுந்தது.

இன்ஜினீயர் மனைவி மட்டும் கை தட்டினார். இன்ஜினீயர் பந்தைப் பார்க்கவில்லை, என் பந்து வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புல்லில் சாரல் முத்து முத்தாக நின்ற இடத்தில் அந்த வழி வளைந்து கோடு போட்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பியூனைக் கூப்பிட்டு, ஜீப்பில் இருந்த லெவல் கருவியையும் அளவுக்கோலையும் கொண்டுவரச் சொன்னார்.

மூன்று கால் தாங்கியை நட்டு, கருவியைப் பொருத்தி, சாரலுக்குக் குடை பிடிக்கச் சொல்லிவிட்டு, பியூன் கோலை நிறுத்த நிறுத்த அவரே பார்த்துக் குறித்துக்கொண்டார். மலைப்பக்கம் ஒரு அளவு, ஆற்றுப்பக்கம் ஒரு அளவு. குறித்ததை இரண்டு தடவை கழித்துப் பார்த்தார்.

"ஆற்றுப்பக்கம் மூணு அங்குலம் தாழ்வு," என்றார். அப்புறம் சிரித்தார், தன்னைப் பார்த்தேதான். "மூணு வருஷம்! நல்ல இன்ஜினீயர்!" எங்களுக்கும் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரரும் உயிர் வந்து, கூடச் சிரித்தார். அப்போது இன்ஜினீயர் இவர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியுமா, ஓவர்சியர்?"

இவர் தரையைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு வராது.

"தெரியும் சார். ஒரு மாசமா."

இன்ஜினீயரின் சிரிப்பு மெல்ல நின்றது. கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க இங்கேயே இருங்க. சரிவு தெரிஞ்சும் 'ஆமா சார்' சொல்ற ஆளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நான் அணை கட்ட முடியாது."

நான் வேண்டிக்கொண்டது அப்படியே கிடைத்தது. திங்கட்கிழமை பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன், நாற்பத்திரண்டு பிள்ளைகளும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் இவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். வாயை மூடச் சொன்னவள் நான். அதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் நாலு வருஷம் தென்காசியில் நிம்மதியாக இருந்தோம். அறுபதுகள் பிறந்துவிட்டன. புதிதாக ஒரு அதிகாரி வந்தார், அவருக்குக் கோல்ஃப் தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் இவர் வேலையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றார். கையில் இருந்த காகிதத்தைப் பின்னால் மறைத்திருந்தார்.

"என்னது?"

"புதுசா ஒரு வாய்க்காலுக்குக் கோடு போட்டாரு. இங்கன தண்ணி ஏறாது சார்னு சொன்னேன். எல்லாரும் 'ஆமா சார்'னு நிக்காங்க, நான் மட்டும் சொன்னேன். பத்து நாளாச்சு. இன்னைக்கு ஆர்டர் வந்துட்டு. ராமநாதபுரத்துக்கு."

என்னைப் பயந்துகொண்டே பார்த்தார்.

"சரிவச் சரியாத்தான பாத்திய?"

"ரெண்டு தடவ லெவல் வெச்சுப் பாத்தேன்ட்டி."

"அப்பஞ் சரி," என்று சொல்லிவிட்டுப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு ராஜினாமாக் கடிதம் எழுதும்போது நன்றாகவே அழுதேன், இரண்டு தாள் வீணாயிற்று. மூன்றாவது தாளில் எழுதி முடித்துவிட்டு இலையைப் போட்டேன். அன்றைக்கு அவர் மூன்று தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.